மூன்று இதழ்ப் பாத்தி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கிருஷ்ணம்மாவின் இடுப்பில் ஒரு துணி மூட்டை இருந்தது. உள்ளே வைக்கோல் சுற்றிய நான்கு டஜன் கண்ணாடி வளையல். குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரத்தினம்மாவுக்கு மறுநாள் வளைகாப்பு. மாரிக்குப்பத்திலிருந்து பன்னிரண்டரைக்கு ரயில். அதை விட்டால் பௌரிங்பேட்டையில் குடியாத்தம் போகும் வண்டி கிடைக்காது. தாயில்லாமல் வளைகாப்பு நடந்துவிடும்.

குறுக்கே நின்றது ஒரு பூப்பாத்தி.

அது 1904ஆம் ஆண்டு. தங்க வயலில் துரைமார் கிளப்புக்கு முன்னால் இருந்த மண், பாறையை அரைத்த தூள். அதில் எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும். பூச்செடி வைக்க ஏரி வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வரவேண்டும். சுமந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். கிருஷ்ணம்மா அவர்களுக்குத் தலைவி. மேஸ்திரி ராஜப்பாவின் சட்டைப்பையில் இருந்த சீட்டு அறுநூற்று இருபத்தெட்டுக் கூடை என்றது. வெள்ளி சாயங்காலம் வரை முந்நூற்று இருபது வந்து குவிந்திருந்தது.

"இன்னா மேஸ்திரி, நான் மட்டும் போயிட்டு வர்றேன். மிச்சத்தைத் திங்கக்கிழமை தூக்கறேனே?"

"நீ போனா உன் பின்னாலயே பதினோரு பேரும் போவாளுங்க. சீட்டுல இன்னா போட்டுக்கீதோ அது வந்து விழணும். அப்பறந்தான் ஆள் நகரும்."

"சீட்டு எழுதினவரு ஒரு கூடை தூக்கிப் பார்த்தாரா?"

"அவரையே கேளு. அதோ வர்றாரு."

வந்தவர் சாம்ராஜ். சர்வே ஆபீஸில் படம் வரைபவர், சென்னையில் கணிதம் படித்தவர். ஒரு கையில் குடை, மறு கையில் எண்கள் நிறைந்த தாள். பின்னால் காத்தவராயன் நாற்பதடி மூங்கில் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான்.

அந்த மூங்கிலைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நட்ட நடுவில் ஒரு துளை. துளையைத் தரையில் அடித்த முளையில் மாட்டினால் மூங்கில் ராட்டினம்போலச் சுற்றும். முளையிலிருந்து இரு பக்கமும் இருபது இருபது அடி. அடிக்கு ஒரு கயிற்றுக் கட்டு. ஒரு முனையில் மட்டும் சிவப்புத் துணி. முளைக்குக் கீழே கோணம் குறித்த வட்டப் பலகை. சிவப்பு முனையை ஐந்தைந்து பாகையாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாள் சொல்லும் தூரத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். இருபது என்றால் சிவப்பு முனையின் நுனியில். பத்து என்றால் பாதியில். பூஜ்யம் என்றால் முளையிலேயே. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் துணியில்லாத மறுபக்கம் போய் அத்தனை அடி எண்ணவேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் இதழ் இதழாகப் பூ வரும்.

போன வருடம் இதே மூங்கிலால் நாலு இதழ்ப் பாத்தி போட்டார்கள். இந்த வருடம் துரைசானி மூன்று இதழ் கேட்டார். சாம்ராஜ் பரப்பைக் கணக்கிட்டபோது இரண்டுக்கும் ஒரே விடை வந்தது: அறுநூற்று இருபத்தெட்டு சதுர அடி. அரை அடி உயரத்துக்குப் பரப்ப, சதுர அடிக்கு ஒரு கூடை. போன வருடத்து விடையே திரும்பி வந்ததை அவர் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

"நிக்காதம்மா, புள்ளி வை. பூஜ்யம் பாகை, இருபது அடி!"

கிருஷ்ணம்மா மூட்டையை அவிழ்க்காமலே சுண்ணாம்புச் சட்டியை எடுத்தாள். இருபது, பத்தொன்பதே சொச்சம், பதினேழே சொச்சம், பதினாலு, பத்து, ஐந்து. முப்பதாம் பாகையில் பூஜ்யம்; முளைக்கே வந்துவிட்டாள். அடுத்த எண்ணில் கழித்தல்.

"அக்கா, அந்தாண்ட ஓடு! துணி இல்லாத பக்கம்!" என்றான் காத்தவராயன்.

"உனக்கென்னடா, நின்ன எடத்துலயே கோலைத் தள்ற. நான் போறேன், வர்றேன், போறேன். ரயிலுக்கு நடக்கவேண்டிய நடையெல்லாம் இங்கியே தீந்துடும்போல."

தொண்ணூறில் மறுபடி முளை. நூற்றிருபதில் சிவப்பு நுனி. நூற்றைம்பதில் முளை. நூற்றெண்பதில் சாம்ராஜ் கூவினார்: "கழித்தல் இருபது!"

கிருஷ்ணம்மா துணியில்லாத முனைக்குப் போய்க் குனிந்தாள். தூளைப் போடவில்லை.

"போடும்மா."

"போட்டுக்கீதே."

"எது?"

"இன்னிக்கு நான் மொதமொத வெச்ச புள்ளி சாமி இது. என் கட்டைவிரல் தடம்கூடக் கீது பாருங்க."

"தற்செயலா இருக்கும். அடுத்தது கழித்தல் பத்தொன்பதே சொச்சம்."

மூங்கில் நகர்ந்தது. அங்கேயும் புள்ளி தயாராக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. காத்தவராயன் சிரிக்க ஆரம்பித்தான்.

"கோல் பாதிதான் சுத்திக்கீது, பூ முழுசா முடிஞ்சுபோச்சு," என்றாள் கிருஷ்ணம்மா. "போன வருசமும் நாந்தானே சுண்ணாம்பு போட்டேன்? கடைசி வரைக்கும் புதுப் புள்ளியாத்தான் வந்துச்சு. இப்ப இன்னான்னா போன எடத்துக்கே போவச் சொல்றீங்க."

"ஒரு சுத்துன்னா முழுச் சுத்துதாம்மா. பாதியில நிறுத்தினா கணக்கு பாதியில நிக்கும்."

"நாலு இதழுக்கும் அறுநூத்தி இருவத்தெட்டு, மூணுக்கும் அறுநூத்தி இருவத்தெட்டா? இதழ் ஒண்ணு கொறஞ்சுபோச்சு. இருக்கிற மூணும் போன வருசத்தைவிட ஒல்லியாக் கீது. மண்ணு மட்டும் எப்டி அதே மண்ணு?"

சாம்ராஜ் குடையை மடக்கினார். முளைக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

அவர் கணக்குப் போட்டது இப்படி. முளையிலிருந்து பூவின் ஓரம் வரை மெல்லிய துண்டங்கள் வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், விசிறி மடிப்புபோல முளைப் பக்கம் கூராக. ஒவ்வொரு துண்டமும் ஒரு குட்டி முக்கோணம். அதன் பரப்பு, நீளத்தை நீளத்தால் பெருக்கி, அதைத் துண்டத்தின் கோணத்தால் பெருக்கி, பாதியாக்கியது. எல்லாத் துண்டங்களையும் கூட்டினால் பாத்தி. இதில் பிழையே இல்லை. ஆனால் கூட்டலுக்கு இரண்டு எல்லை வேண்டும்: எந்தக் கோணத்தில் தொடங்குவது, எந்தக் கோணத்தில் நிறுத்துவது. சாம்ராஜ் போன வருடப் பழக்கத்தில் முழுச் சுற்று என்று எழுதிவிட்டார். நீளத்தை நீளத்தால் பெருக்கும்போது கழித்தல் குறி காணாமல் போய்விடும். அதனால் இரண்டாவது அரைச் சுற்றில் பழைய இதழ்களின் மேலேயே நடக்கிறோம் என்பதைத் தாள் சொல்லவில்லை. கால்தான் சொன்னது.

அவர் தரையிலேயே குச்சியால் எழுதினார். நுனியிலிருந்து முளை வரை, பூஜ்யம் முதல் முப்பது பாகை, அரை இதழ். அது ஐம்பத்திரண்டே சொச்சம் சதுர அடி. மூன்று இதழுக்கு ஆறு அரை இதழ்.

"முந்நூத்திப் பதினாலு," என்றார் மெதுவாக. பிறகு ராஜப்பாவைப் பார்த்து, "தப்பு என்னோடதுதான், மேஸ்திரி. ஒரே பூவை ரெண்டு தரம் எண்ணிட்டேன். வந்த மண்ணே போதும்."

ராஜப்பா சீட்டைப் பையிலிருந்து எடுத்து, அது இன்னும் தன் கட்சியில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"சீட்டுல துரை கையெழுத்து கீது. நாளைக்கு மண்ணு பத்தலன்னா என் தலைதான் உருளும். தரையில குச்சியால கிறுக்கினதைக் காட்ட முடியுமா?"

"வாணாம்," என்றாள் கிருஷ்ணம்மா. "ஒத்த இதழை ரொப்பிப் பாரு. சீட்டு சரின்னா எரநூத்திச் சொச்சம் கூடை குடிக்கும். இவரு சரின்னா நூத்தி அஞ்சுல வாயை மூடிக்கும். எரநூறு குடிச்சா நான் ஊருக்குப் போவல."

பெண்கள் வரிசை கட்டினார்கள். காத்தவராயன் அரை அடிக் குச்சியை நட்டுப் பிடிக்க, ராஜப்பா சத்தம்போட்டு எண்ணினார். ஐம்பதில் இதழின் நுனி மூடியது. எண்பதில் இடுப்பு மூடியது. நூறில் ராஜப்பாவின் குரல் இறங்கியது. நூற்று நாலில் மண் குச்சியின் உச்சியைத் தொட்டது. நூற்று ஐந்தாவது கூடையை எடுத்துவந்தவள் கிருஷ்ணம்மா. கொட்டினாள். கடைசிப் பிடி மண் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வழிந்தது.

"இன்னும் ஒண்ணு போடட்டா மேஸ்திரி?"

"போ மே! மணி பதினொண்ணு ஆச்சு, ரயில் உனக்காக நிக்குமா?"

அவள் நிற்கவில்லை. மற்ற இரண்டு இதழ்களைப் பதினோரு பேரும் நிரப்பி முடித்தபோது ஐந்து கூடை மிச்சம். சாம்ராஜ் சீட்டில் அறுநூற்று இருபத்தெட்டை அடித்து, முந்நூற்றுப் பதினாலு என்று எழுதி, தன் கையெழுத்தைத் துரையின் கையெழுத்துக்குக் கீழே தெளிவாகப் போட்டார். திங்கட்கிழமை துரையிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை முணுமுணுத்தும் பார்த்துக்கொண்டார்.

கிளப் மேட்டிலிருந்து ரயில் பாதை தெரியும். பன்னிரண்டரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் புகை தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலிலிருந்து ஒரு துணி மூட்டை வெளியே நீண்டு ஆடியது.

"வளையல் ஒடஞ்சுடப் போவுது, உள்ள வை!" என்று காத்தவராயன் கத்தினான், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

ராஜப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"அடுத்த வருசம் துரைசானி அஞ்சு இதழ் கேக்கப் போறாங்களாம். அதுக்கு இன்னா, முழுச் சுத்தா, அரைச் சுத்தா?"

சாம்ராஜ் சட்டென்று வாய் திறந்தார். பிறகு மூங்கிலைப் பார்த்தார்.

"கிருஷ்ணம்மா வரட்டும். சுண்ணாம்பு போட்டு நடந்து பார்த்துட்டுச் சொல்றேன்."