புறமுதுகு

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது, கடற்படை உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். போரில் கடலைப் பறிகொடுத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பொலிவியாக்காரன் மாலுமித் தொப்பியைக் கழற்றவில்லை. கடல் திரும்பி வருகிற வரைக்கும் டிட்டிகாகா ஏரி இருக்கவே இருக்கிறது. வானத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற ஏரி. கையை விட்டால் எலும்பு வரைக்கும் குளிரும். கட்டாயச் சேவைக்கு வரும் பையன்களை வருஷா வருஷம் அதில்தான் தூக்கிப் போட்டு ஆளாக்குகிறார்கள்.

லிம்பெர் யுஹ்ரா அந்த ஏரிக்கரையிலேயே பிறந்தவன். நீச்சல் தெரியாது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஐமாரா ஜனங்களில் கரையோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் படகு விடுவார்கள், ஆனால் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அந்தக் குளிரில் ஆசைப்பட்டு இறங்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

முகாமில் சேர்ந்த அன்றே பையன்களை ஜோடி ஜோடியாகக் கட்டிவிட்டார்கள். ஒருவன் தவறு செய்தால் தண்டால் இருவருக்கும். ஒருவன் தேர்வில் தோற்றால் இருவரும் தோற்றதாகக் கணக்கு. லிம்பெருக்கு வாய்த்தவன் யெர்கோ குவாசாசே. கீழே வெப்பக் காட்டில், ஆற்றங்கரையில் வளர்ந்த பயல். தண்ணீரில் இறக்கிவிட்டால் நீர்நாய்தான். தரையில் கொஞ்ச தூரம் ஓடவிட்டால், மேட்டு நிலத்துக் காற்று போதாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"டேய் கோயா, உங்க ஊர்ல காத்தைக்கூடக் கஞ்சத்தனமாத்தான்டா வச்சிருக்கீங்க" என்பான், மூச்சு வாங்கியபடி. மேட்டு நிலத்துக்காரன் என்றால் அவர்களுக்குக் கோயா.

"எழுந்திருடா கம்பா. நீ உக்காந்தா எனக்கும் சேர்த்துத்தான் தண்டால்." கீழ்நாட்டுக்காரன் என்றால் எங்களுக்குக் கம்பா. சொல்லிக்கொண்டே அவன் துப்பாக்கியையும் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவான் லிம்பெர்.

சார்ஜென்ட் அரான்சிபியா பள்ளத்தாக்குப் பக்கத்து ஆள். ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது, மெதுவாகப் பேசவும் தெரியாது. புதுப் பையன்களைப் படையில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் "சொறி" என்றுதான் கூப்பிடுவார். "ஏய் சொறிகளா!" என்று குரல் வந்தால் தூக்கத்தில் இருக்கிற காலும் பூட்ஸைத் தேடும். விடிவதற்கு முன் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நிற்க வேண்டும். போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தால் கட்டிலையே முற்றத்துக்குத் தூக்கி வந்து திரும்ப விரிக்க வேண்டும். பனியில் உறையவைத்துக் காயவைத்த கறுத்த சுன்யோக் கிழங்கு மிதக்கும் சூப்பை விசில் ஊதுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மிச்சம் பன்றிக்கு. முதல் சில வாரங்கள் லிம்பெர் மனசுக்குள் சார்ஜென்ட்டின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தான்.

அப்புறம் ஒரு நாள், எப்போது என்று அவனுக்கே தெரியாது, திட்டுவதை மறந்துபோனான். மனசு "இன்னிக்கு முடியாது" என்று ஆரம்பிக்கும்போதே உடம்பு எழுந்து நின்றுவிட்டது. குளிர் குறையவில்லை, குளிருக்கு மரியாதை குறைந்துவிட்டது. தான் இவ்வளவு தாங்குவோம் என்று அவன் நினைத்ததே இல்லை. அதில் அவனுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

எல்லாம் சரி, நீச்சல் மட்டும் வரவில்லை. கை கால் அடிப்பதையும் மல்லாந்து மிதப்பதையும் கரையோரத்தில் ஒழுங்காகத்தான் செய்தான். தேர்வு என்று வந்தால் கெட்டது. படகுத்துறையிலிருந்து குதித்து, தூரத்தில் ஆடும் சிவப்பு மிதவையைத் தொட வேண்டும். குதித்தவுடன் சார்ஜென்ட் துறையிலிருந்து கத்துவார்: "முன்னால பாரு! பின்னால உள்ளதை மறந்துடு! முன்னால மட்டும் பாரு!"

அங்கேதான் வினை. எங்கள் ஐமாரா பாஷையில் முன்னால் இருப்பது நடந்து முடிந்தது. அது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் முன்னால் இருக்கிறது. கண்ணுக்கும் கடந்த காலத்துக்கும் எங்களுக்கு ஒரே சொல், நய்ரா. வரப்போகிற நாளை யார் பார்த்தார்கள்? அது முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஸ்பானிஷில் வருகிற ஆணையை லிம்பெரின் தலை ஐமாராவில்தான் வாங்கிக்கொள்ளும். முன்னால பாரு என்றதும் அவன் கண்ணில் நின்றது மிதவை இல்லை, அண்ணன் எலோய்.

சின்ன வயசில் இருவரும் படகில் போனபோது காற்றடித்துப் படகு கவிழ்ந்தது. லிம்பெர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டான். அண்ணனுக்குப் பிடி கிடைக்கவில்லை. கடைசியாகத் தெரிந்தது ஒரு கை.

அந்தக் கையைப் பார்த்ததும் அவன் உடம்பு மரக்கட்டையாகிவிடும். தண்ணீருக்குள் போவான். யெர்கோ குதித்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வருவான். இப்படி இரண்டு தடவை ஆயிற்று. இன்னும் ஒரு தடவைதான். அதிலும் போனால் இருவரும் சமையல்கட்டுக்கு மாற்றப்படுவார்கள், வருஷம் முடியும்வரை சுன்யோ உரித்துக்கொண்டு. முக்குளிப்போர் பிரிவில் சேர வேண்டும் என்பது யெர்கோவின் ஒரே கனவு. அதுவும் அந்தச் சூப்பில் கரைந்துவிடும்.

தேர்வுக்கு முந்தின நாள், ரொட்டி மூட்டைகளைக் காவல் சாவடிக்குப் படகில் கொண்டுபோகிற வேலை இருவருக்கும் விழுந்தது. துடுப்பு லிம்பெரிடம்.

"வேற ஜோடி கேளுடா கம்பா" என்றான் லிம்பெர். "நான் சொல்லிடறேன் சார்ஜென்ட்கிட்ட. என்னால நீ கெட வேணாம்."

"கேட்டுட்டேனே" என்றான் யெர்கோ.

லிம்பெரின் துடுப்பு நின்றுவிட்டது. "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் கேக்கலடா மடையா. உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் சொன்னேன். என் துப்பாக்கியை யாரு சுமக்கிறது, உங்க தாத்தாவா? வலி, வலி. ஆமா, ஒண்ணு கேக்கணும். போற கரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வலிக்கிறியே, ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா?"

"எதுக்கு? கிளம்பின கரையில ஒரு மரத்தைக் கண்ணுல வச்சுக்கிட்டா படகு நேராப் போயிடும். போற எடம் தானா முதுகுப் பக்கம் வந்து சேரும்."

சொன்னவன் துடுப்பைத் தூக்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டான். தண்ணீர் சொட்டியது.

"என்னடா, பேய் பிடிச்சிருச்சா?"

"யெர்கோ, மல்லாந்து நீந்தி மிதவையைத் தொட்டா செல்லுமா?"

யெர்கோ தாடையைச் சொறிந்தான். "தொடணும்னுதான் சட்டம். எந்தப் பக்கம் பாத்துத் தொடணும்னு யாரும் சொல்லல. ஆனா அந்தாளு தொண்டை கிழியக் கத்துவாரு."

"கத்தட்டும். பழகிடுச்சு."

மறுநாள் காலையில் ஏரிமேல் வெயில் இருந்தது, சூடு இல்லை. பையன்கள் துறையில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு ஜோடியாகப் போய் மிதவையைத் தொட்டது. தொட்டவர்களைப் படகு ஏற்றிக்கொண்டு வந்தது. யெர்கோ சும்மா போய்த் தொட்டுவிட்டு, அங்கேயே மிதவையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

லிம்பெர் குதித்தான். குளிர் நெஞ்சில் உதைத்தது. மூச்சு பாதியில் நின்றது. எத்தனை விடியற்காலையில் இப்படி நின்றிருக்கிறது! அது திரும்ப வரும் என்று உடம்புக்குத் தெரியும்; காத்திருந்தது, வந்தது. மேலே எழும்பியதும் அப்படியே மல்லாந்து திரும்பிக் காலை அடித்தான்.

"டேய்! என்னடா பண்றே?" துறையில் சார்ஜென்ட்டின் தொப்பி குதித்தது. "திரும்புடா! புறமுதுகு காட்டாதே! கடற்படைக்காரன் புறமுதுகு காட்ட மாட்டான்டா! முன்னால பாரு! முன்னால!"

லிம்பெர் பார்த்தான். துறைக்குப் பக்கத்தில் ஒற்றை யூகலிப்டஸ் மரம். அதை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டான். மரத்துக்கும் அவனுக்கும் நடுவில், அவன் கடந்து வந்த தண்ணீரில், அண்ணன் இருந்தான். கை தெரிந்தது. லிம்பெரின் கால்கள் இறுகின. ஒரு அலை வாய்க்குள் புகுந்தது. இருமினான், இடுப்பு இறங்கியது.

நிறுத்து என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. இத்தனை மாதமாக மனசு சொன்னதைக் கேட்காமலிருக்கத்தானே அதைப் பழக்கியிருந்தார்கள். கால் அடித்தது. கை ஒன்று மாற்றி ஒன்று பின்னால் போய்த் தண்ணீரைத் தள்ளியது. தள்ளத் தள்ள அண்ணனும் கரையும் தள்ளித் தள்ளிப் போனார்கள், ஆனால் மறையவில்லை. முதல் தடவையாக லிம்பெர் அவனை நன்றாகப் பார்த்தான். கை மட்டும் இல்லை. படகில் உட்கார்ந்து வறுத்த மீனைப் பிய்த்துப் பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்த எலோய், காதில் தண்ணீர் தெளித்துச் சிரித்த எலோய், எல்லாம் முன்னால்தான் இருந்தது. அழுகை வந்தது. ஏரித் தண்ணீரோடு அதுவும் போயிற்று. கால் மட்டும் நிற்கவில்லை.

மண்டையில் 'ணங்' என்று இடித்தது.

"வலிச்சுதாடா?" தலைக்கு மேல் யெர்கோவின் முகம், தலைகீழாக, பல்லெல்லாம் தெரிய. "தொடச் சொன்னாங்க. மண்டையால முட்டி மிதவையை உடைக்கச் சொல்லல!"

படகு இருவரையும் துறைக்குக் கொண்டுவந்தது. லிம்பெர் நடுங்கியபடி விறைப்பாக நின்றான். மண்டையில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. சார்ஜென்ட் அரான்சிபியா அவனைச் சுற்றி வந்தார், ஒரு தடவை இடமாக, ஒரு தடவை வலமாக.

"தொட்டுட்டே. சரி, பாஸ். ரெண்டு பேரும் பாஸ்" என்றார் வேண்டாவெறுப்பாக. அப்புறம் முகத்துக்கு நேரே குனிந்தார். "ஆனா முன்னால பாரு, முன்னால பாருன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழல?"

"விழுந்துச்சு சார்ஜென்ட்."

"அப்புறம்?"

"முன்னாலதான் பாத்துக்கிட்டே போனேன், சார்ஜென்ட். கண்ணை எடுக்கவே இல்ல."

சார்ஜென்ட்டுக்குப் புரியவில்லை. வரிசையில் நின்ற ஐமாராப் பையன்களுக்குப் புரிந்தது. முதலில் ஒருவன் மூக்கால் சிரித்தான், அப்புறம் மொத்த வரிசையும் குலுங்கியது. பள்ளத்தாக்குக்காரருக்கு எங்கள் பாஷையில் யார் பாடம் எடுப்பது? சிரித்த குற்றத்துக்கு எல்லாருக்கும் அந்த இடத்திலேயே தண்டால் கிடைத்தது.

"உன்னாலதான்டா கோயா" என்று பக்கத்தில் முனகினான் யெர்கோ, மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

லிம்பெர் ஈரப் பலகையில் கையூன்றி ஏறி இறங்கினான். நிமிரும் போதெல்லாம் எதிரில் ஏரி தெரிந்தது. அண்ணன் அங்கேதான் இருந்தான். இருக்கட்டும், எங்கே போகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு, சார்ஜென்ட் நிறுத்தச் சொன்ன பிறகும் லிம்பெர் ஒரு தண்டால் கூடுதலாக எடுத்தான்.