யோகோகாமா பயில்வான்

உசிலம்பட்டிச் சந்தையில் இருபது வருஷமாக மூட்டை தூக்கிவந்த மலைச்சாமிக்கு மேடை ஏறும் ஆசை ஒருநாளும் வந்ததில்லை. 1979-ல் அவர் மகள் தங்கப்பொண்ணு ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வரலாற்று டீச்சர் சீனியம்மாள் ஒருநாள் அவரைத் தேடிக் கமிஷன் கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுறோம்ணே. அமெரிக்கக் கப்பல் படை சப்பானுக்குப் போயி ஒப்பந்தம் போட்ட கதை. எரநூறு வருசத்துக்கு மேல வெளிநாட்டுக்காரங்களை அண்டவிடாத ஊரு அது. அமெரிக்காக்காரங்க ஒரு குட்டி ரயில் எஞ்சினைப் பரிசாக் கொண்டுபோனாங்க. பதிலுக்கு அவங்க யோகோகாமாங்கிற எடத்துல பயில்வான்களை விட்டு அரிசி மூட்டையைத் தூக்கிட்டு வந்து அடுக்கினாங்க. அந்தப் பயில்வானா நீங்க வரணும்."

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நானா? பொம்பளப் பிள்ளைக நாடகத்துல எனக்கென்ன சோலி டீச்சர்?"

"ரெண்டு மூட்டையை ஒண்ணாத் தூக்க எங்க பிள்ளைகளால முடியாதுல்ல."

மலைச்சாமி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் தங்கப்பொண்ணு வெங்காயம் உரித்துக்கொண்டே வசனம் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேஷம். அமெரிக்கத் தளபதி சொல்வதை ஒருவர், அன்று ஜப்பானில் சிலருக்குத் தெரிந்திருந்த டச்சு மொழியில் சொல்வார். டச்சில் கேட்டதை இவள் ஜப்பான் மொழிக்கு மாற்ற வேண்டும். பதிலும் அதே வழியாகத்தான் திரும்பிப் போகும்.

"பேச்சு இம்புட்டு தூரம் சுத்திப் போனா, சொன்னது சொன்னபடி போய்ச் சேருமா?" என்று மலைச்சாமி கேட்டார்.

"அதுக்குத்தானப்பா நான் நிக்கிறேன்."

அவள் அதைச் சொன்ன விதம் அவருக்குப் பிடித்திருந்தது. மறுநாளே டீச்சரிடம் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கத் தளபதியாக நடித்தவள் முத்துத்தாய். மலைச்சாமி மூட்டை தூக்கும் கமிஷன் கடையின் முதலாளி காசிமாயனுடைய மகள். பயில்வானின் புஜத்தைத் தளபதி தொட்டுப் பார்த்து வியக்க வேண்டும் என்று டீச்சர் எழுதியிருந்தார். ஒத்திகையில் முத்துத்தாய் ஒரு சாண் தள்ளியே கையை நிறுத்திக்கொண்டாள். அதுதான் சரி என்று மலைச்சாமியும் நினைத்தார். இந்த இருபது வருஷத்தில் அந்த வீட்டு மனிதர் யாரும் அவரைத் தொட்டதில்லை. டீச்சர் இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மலைச்சாமி பிடிவாதமாக இருந்தார். "வைக்கோல் திணிச்ச சாக்கைத் தூக்கினா நடை காட்டிக் குடுத்துரும் டீச்சர். நெசமான அரிசியாத்தான் இருக்கணும்." காசிமாயனிடமே போய் இரண்டு மூட்டை கேட்டு வாங்கி வந்தார்.

விழா அன்று சாயங்காலம் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. இடுப்பில் தடித்த வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, வெறும் உடம்போடு, முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூட்டைகளோடு மலைச்சாமி மேடைக்கு வந்தார். பலகைகள் முனகின. மூட்டைகளை அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுடன் முத்துத்தாய் நெருங்கி வந்தாள். கை இந்த முறை பாதியில் நிற்கவில்லை. அவர் புஜத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கே. இவர் என்ன சாப்பிடுறார்னு கேளுங்க."

இது எழுதிய வசனத்தில் இல்லை. மலைச்சாமி திகைத்து நின்றார். தங்கப்பொண்ணு அசரவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி வணங்கினாள். வாயே திறக்காத அவருடைய பதிலைக் கேட்டுக்கொண்டவள்போல் தலையாட்டிவிட்டுத் தளபதியிடம் சொன்னாள்: "எங்க ஊரு அரிசிதான்னு சொல்றார். உங்களுக்கும் ரெண்டு மூட்டை தாராராம்."

மைதானமே சிரித்தது. மலைச்சாமியின் கண் மட்டும் முதல் வரிசைக்குப் போனது. அங்கே காசிமாயன் முழங்காலில் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

போட்டோ எடுக்கும்போது மலைச்சாமி ஓரமாக ஒதுங்கினார். "பயில்வான் நடுவுல வாங்க," என்றாள் முத்துத்தாய். நடுவில் போய் நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகளிடம் கேட்டார். "ஏத்தா, அந்த ஒப்பந்தம் சப்பான்காரனுக்கு நல்லதா, கெட்டதா?"

"இதுல ரெண்டு துறைமுகந்தான் தொறந்துவிட்டாங்க. நாலு வருசங் கழிச்சு இன்னொண்ணு போட்டாங்கப்பா, அதுதான் மோசம். தன் ஊருக்கு வர்ற சரக்குக்கு எம்புட்டு வரின்னு தானே முடிவு பண்ண முடியாமப் போச்சு."

"அப்பறம்?"

"விடாமப் பேசிப் பேசித் திருத்துனாங்க. அம்பது வருசம் ஆச்சு."

"திருத்திட்டாங்கல்ல," என்றார் மலைச்சாமி. இன்னும் கேட்கவேண்டும்போல் இருந்தது. மகள் சொல்லிக்கொண்டே வந்தாள்; அவர் நடையைக் குறைத்துக்கொண்டார்.