கடைசி வீட்டுத் தொட்டியில் ஓடிய படகு இன்ஜின்

எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஐந்தாவது பல் போன வருடம் விழுந்ததற்கும் நான் சொல்லும் கதைகளுக்கும் சம்பந்தம் கிடையாது.

வருடம் 1974. மௌலா அலி ரயில்வே காலனியில், எங்கள் வரிசையின் கடைசி வீடு எனக்கு. குழாய் முதல் வீட்டுக்குப் பக்கத்தில். நடுவே பத்து வீடுகள். என் மனைவி கனகவல்லிக்கு அப்போது ஏழு மாதம். குடத்தோடு அவள் நடப்பதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்.

வீடு ஒதுக்கும் ஆபீசர் ராமசுவாமி சொந்தமாக ஒரு பழைய மோட்டார் படகு வைத்திருந்தார். அது ஹுசேன் சாகர் ஏரி நடுவில் இருமி நின்று, அவருடைய மாமனாரை இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடும். குழாயடி வீடு உமக்கு. இல்லேன்னா அடுத்த ஆளுக்கு" என்றார்.

ஒர்க் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த ஆம்பூர்க்காரன் அப்துல் ரஹீம், இன்ஜினை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். படகு இன்ஜினைத் தண்ணீரில் வைத்துத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி இறுகிவிடும். வீட்டுப் பின்சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் அதை மாட்டினோம்.

கனகவல்லி அதிர்ந்துபோனாள். "என்னங்க இது! ரெண்டு நாளா தூக்கி ரொப்பின தண்ணி. ஒரு சொட்டு வெளிய சிந்துச்சு, அப்புறம் நீங்கதான் குடம் தூக்கணும்!"

இன்ஜின் 'டப்' என்றது, யோசித்தது, மறுபடி 'டப் டப்' என்றது.

"பீடி குடிச்சே கெட்டிருக்குண்ணே" என்றான் ரஹீம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பு, ஈரம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். அதே இருமல்.

"கார்புரேட்டர பிரிச்சிடலாமா?"

"இரு பாய். மொதல்ல அது என்ன குடிக்குதுன்னு பாப்போம்."

பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்தது. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினோம். நன்றாக ஓடியது, சரியாக மூன்று நிமிடம். பிறகு செத்தது. மறுபடியும் மூன்று நிமிடம், மறுபடியும் சாவு.

டேங்க் மூடியைத் தளர்த்தினேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிமேல் காற்றுக்காக வைத்த குட்டித் திருகை யாரோ இறுக்கி மூடியிருந்தார்கள்.

"ஆபீசர் இத மூச்சு விடவே உடல பாய்!"

"ஹவ் அண்ணே, ஆமா, நம்மளயும் அப்டித்தானே!"

திருகைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ரஹீம் சந்தோஷத்தில் சாய்ந்தான். அவன் முழங்கை கியரைத் தட்டியது.

எதிரே நின்ற வேப்பமரம் நகர்ந்தது. மரம் அப்படிச் செய்யாதே என்று பார்த்தால், நகர்ந்தது வீடு.

பக்கத்து வீட்டு லூர்துமேரி தலையில் சீப்போடு அப்படியே நின்றாள். "உலகநாதண்ணே! எங்க குடிபோறீங்க?"

"குழாயடிக்குத்தாம்மா."

"சொல்லாம கொள்ளாமலா?"

சமையலறை வாசலில் கனகவல்லி, கையில் தோசைத் திருப்பி. ஐந்து வீடுகளைத் தாண்டினோம். ஆறாவது வீட்டருகே அவள் கத்தினாள். "என்னங்க... தோசை கருகுதுங்க... வீடு எங்கங்க போவுது?"

"நக்கோ அண்ணே, நக்கோ! நிறுத்துங்க!" ரஹீம் பிளக் ஒயரைப் பிடுங்கினான். ஷாக் அடித்த கை மூன்று நாள் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வீடு குழாய்க்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கனகவல்லி திறந்த வாயை மூடாமலே படியில் நின்றபடி குடத்தை நீட்டினாள்.

சாயங்காலம் ராமசுவாமி வந்தார். வீட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு எந்த நம்பர்ய்யா போடறது?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தொட்டித் தண்ணீர் சிந்தக்கூடாது என்று கனகவல்லி அதட்டியதால், தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரை நான் இன்ஜினை ஓட்டும் முன்பே கழற்றி, சமையலறைப் பரணில் வைத்திருந்தேன். வீடு நகர்ந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.