கதவுக்கு ஒரு பந்து

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம். சாமான் அறையின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் குழந்தைகள் கால்பந்துக் குழுவை நடத்த வேண்டும். தேர்தல் கிடையாது, சம்பளம் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சாவிக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "யாராவது வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்கலாம். கேட்டவுடனே பெற்றோர் அத்தனை பேருக்கும் ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். செருப்பு போட்டு வந்தவர்கள்கூடக் குனிவார்கள்.

கண்ணாடியக்காவிடம் சாவி வந்து மூன்று வருடமாகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். சாவி கைமாறிய அன்றைக்கு அவள் மகன் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி, "எங்கம்மா நல்லா விசில் அடிப்பாங்க!" என்று சொல்லித் தொலைத்தான். பெற்ற பிள்ளை இப்படிப் பெருமையாகச் சொல்லும்போது எந்த வாயால் மாட்டேன் என்பது? வாங்கிக்கொண்டாள். அந்த மகராசன் அடுத்த மாதமே கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டு, வீட்டில் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறான். அம்மாதான் இன்னும் வெயிலில் நிற்கிறாள்.

இதுவரை எப்படியோ ஓட்டிவிட்டாள். இப்போது கடை முதலாளி இரண்டாவது கடை திறக்கிறார். "நீதாம்மா பாத்துக்கணும். ஆனா சாயங்காலமும் சனிக்கிழமையும் கண்டிப்பா கடையில இருக்கணும். வர்ற சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு, இல்லேன்னா வேற ஆளு வெச்சுக்குறேன்" என்று சொல்லியிருந்தார். அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டியே காலம் போய்விட்டது. ஒரு கடையைத் தானே நடத்திப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. நல்லவேளை, இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவான பைக் மெக்கானிக், "அடுத்த வாரம் நான் வாங்கிக்கிறேங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இன்று அந்த அடுத்த வாரத்துச் சனிக்கிழமை. கண்ணாடியக்கா சாமான் அறையிலிருந்து பந்துகளை உருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பந்து என்பது அவள் கொண்டு வந்த சட்டம். வரிசையில் நிற்க வைத்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்கத்தான் பழகும் என்பாள். வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்ட வேலைதான், ஆனால் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. அவளைப் பிடித்த சனியே அதுதான்.

புதிதாக வந்த ஒரு குட்டிக்குப் பந்து இல்லை. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய பந்தை யோசிக்காமல் உதைத்து வெளியே அனுப்பினாள். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளிப்பக்கக் கொண்டி தானாக விழுந்தது. அந்தக் கொண்டியின் புத்தி தெரிந்துதானே அங்கே அந்தப் பந்தை வைத்திருந்தாள்!

"யாருங்க அங்க? கதவத் திறங்க!"

கத்தினாள், தட்டினாள், உதைத்தாள். போன் வெளியே பெஞ்சில் கிடந்தது. குழந்தைகள் போட்ட கூச்சலில் இவள் குரல் எங்கே எடுபடும்? பெற்றோரோ மைதானத்தின் அந்தக் கோடியில், அவளே கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். ஆட்டம் முடியும்வரை யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். நன்றாக வேண்டும் எனக்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே ரப்பரும் ஈர வலையும் சேர்ந்து நாறின, மூச்சு முட்டியது.

வலை மூட்டைமேல் ஏறினால் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது, திறக்க வராதது. கண்ணாடி துடைத்தே பிழைப்பவள், அதையும் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

குழந்தைகள் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார்கள். இப்போது தேடி வருவார்கள் என்று நினைத்தாள். வரவில்லை. மௌனசாமி என்று எல்லாரும் கேலி செய்யும் சிறுமி ஒருத்தி, ஒரு வருடமாக அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வாயே திறக்காதவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆளுக்கொரு பந்து! நிமிந்து பாத்துத் தட்டு!" என்று அதட்டினாள். கண்ணாடியக்காவின் குரல் அப்படியே வந்தது. மெக்கானிக்கின் இரட்டையர்கள் அது கோல்தானா இல்லையா என்று மல்லுக்கு நின்றார்கள். பெரியவர்களைக் கூப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள், எழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். எல்லாம் அவள் பழக்கியது.

அடுத்த நொடியே நெஞ்சு துள்ளியது. அடப்பாவிகளா, நான் இல்லாமலே நடக்கிறதே! அப்படியானால் நான் போகலாம்!

ஆட்டம் முடியும் நேரம் குழந்தைகள் பந்துகளைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். "அது கதவோட பந்து, அங்கயே வை" என்று மௌனசாமி சொல்ல, புதுக் குட்டி பழைய பந்தோடு வந்து கொண்டியைத் தூக்கியது.

"அக்கா, ஒளிஞ்சு விளையாடுறீங்களா?"

தலையெல்லாம் ஒட்டடையோடு கயிற்றுப் பக்கம் ஓடினாள். "நான் உள்ள மாட்டிக்கிட்டேங்க! பாத்தீங்களா, நான் இல்லாமலே எல்லாம் நடக்குது. யாரு வேணா நடத்தலாம்!"

மெக்கானிக் முகம் தொங்கிவிட்டது. "உள்ளயா இருந்தீங்க? நாங்க ஏதோ புதுப் பயிற்சின்னு நினைச்சோம். ஆளே இல்லாம பிள்ளைங்க இப்படி நடந்துக்குதுன்னா... இந்த அளவுக்குப் பழக்க எனக்கு வராதுங்க. என்னை விட்டுடுங்க."

"உங்கள விட்டா யாருங்க இருக்கா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கு அது மறுபடி கொண்டி விழுந்த சத்தமாகக் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சாவியைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாராவது..."

எல்லாரும் குனிந்தார்கள்.

ஒரு சின்னக் கை மட்டும் மேலே போனது. "எங்கம்மா வாங்கிக்குவாங்க! வீட்ல எல்லாரையும் நல்லா அதட்டுவாங்க!"

மௌனசாமியின் அம்மா குனிந்தவாக்கில் உறைந்துபோனாள். நாலு பேர் முன்னால் என் பிள்ளை ஒரு வார்த்தை பேச மாட்டாளா என்று ஏங்கிய தாய். பேசிவிட்டாள். எந்த வாயால் மாட்டேன் என்பது? நிமிர்ந்த முகத்தில் பூரிப்பும் கிலியும் ஒன்றாக இருந்தன. கண்ணாடியக்காவுக்கு அந்த முகம் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அவளுடையது அது.

"பரவாயில்லங்க, குழந்தை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா தப்பித்துவிடுவாள். கண்ணாடியக்கா நல்லவள்தான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சாவியை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடக்கி விட்டாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள், அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி.

பெஞ்சிலிருந்த போனை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கேட் வரை போனவளுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி நின்று கத்தினாள்.

"கதவுக்கு ஒரு பந்து வெச்சுக்கோங்க!"