தெர்மாகோல் சிறை

மானாம்பதியில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லைச் சினிமாக்காரர்கள் மனநோயாளிகளை அடைக்கும் ஜெயிலாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் பிளைவுட்டும் தெர்மாகோலும்தான். கைதிகளாக நடிக்க, நடவு வேலைக்குப் போகும் பெண்களை வேனில் ஏற்றி வந்தார்கள். சுகிர்தாவும் அவள் நாத்தனார் அம்முலுவும் அதில் இருந்தார்கள்.

சித்திரை வெயிலிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றாத டைரக்டர் பாண்டுரங்கன் கதை சொன்னார். "இங்க செத்துப்போன ஒரு கைதியோட ஆவி உங்களைத் தேடி வருது. அலறணும்."

ஆவி, வேப்பமர நிழலில் சவுரிமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

"தோ பாருடி, பேயி வடை தின்னுக்கினு கீது," என்றாள் சுகிர்தா.

அதன்பிறகு ஆவி உள்ளே வரும்போதெல்லாம் பெண்கள் சிரித்துத் தொலைத்தார்கள். பாண்டுரங்கனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே தாழ்ப்பாள் போட்டு, விளக்கைக் குறைத்து, ஆவியோடு சேர்த்துப் புகையையும் உள்ளே விட்டார். அம்முலுவுக்கு இழுப்பு உண்டு. புகை பட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

சுகிர்தா கதவைத் தட்டினாள். "யோவ், தொறய்யா! இவளுக்கு மூச்சு முட்டுது!"

"அப்படித்தாம்மா! இப்பதான் நடிப்பு வருது," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

சுகிர்தா புடவையைத் தூக்கிச் செருகி, சுவரை ஓங்கி ஒரு உதை விட்டாள். ஜெயிலே பொலபொலவென்று ஆவியின் தலையில் சரிந்தது. அம்முலுவை வெளியே இழுத்துவந்து மரத்தடியில் உட்கார வைத்து, மூச்சு சீராகும்வரை முதுகை நீவிக்கொண்டே இருந்தாள்.

பாண்டுரங்கன் ஓடி வந்தார். "பிரமாதம்மா! அதே மாதிரி இன்னொரு உதை உதைக்க முடியுமா?"

சுகிர்தா புடவைமேல் மாட்டியிருந்த கைதிச் சட்டையைக் கழற்றி அவர் நெஞ்சில் திணித்தாள். "நீயே மாட்டிக்கினு உள்ள போய்க் குந்து. நாங்க தாப்பா போடறோம்." மற்ற பெண்களும் சட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு அவளோடு நடந்தார்கள்.

படம் உத்திரமேரூர் தியேட்டருக்கு வந்தபோது அம்முலு பிடிவாதம் பிடித்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். இடிமுழக்கம், புகை, சரியும் சுவர். அந்த ஓட்டை வழியே ஆவி கையை விரித்துக்கொண்டு வெளியே வந்தது. தியேட்டரில் விசில் பறந்தது.

"இன்னா அண்ணி, நீ ஒடச்சத பேயி ஒடச்சிதுன்றான்!"

"அந்தப் பேயி மேலதானடி செவுரே வியுந்துது!"

சுகிர்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்வரிசைக்காரன் திரும்பி, "பயப்பட்ற எடத்துல சிரிக்கிறியே, லூசா நீ?" என்றான்.

அம்முலு அவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் பக்கத்துச் சீட்டுக்குச் சொன்னான். இடைவேளைக்குப் பிறகு ஆவி தலையைக் காட்டியதும், அந்த வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.