அறுபது ஹெர்ட்ஸில் ஒரு பாட்டு

ஹொரியே வாத்தியாருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஒசாகாவில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், டோக்கியோவிலிருந்து புதிதாக வந்திருந்த இந்த அறிவியல் வாத்தியார் தலையில் பாட்டுக் குழுவைக் கட்டிவிட்டார்கள். பள்ளி ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர். இவரிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. அவ்வளவுதான் தகுதி.

போட்டிக்கென்றே வந்த புதுப் பாட்டு. ரெக்கார்டில் பியானோ மட்டும் ஒலிக்கும். குழுவிலிருந்த மாணவிகள் அதோடு சேர்ந்து பாட வேண்டும்.

"என்ன சார், இந்தப் பியானோக்காரர் ரயிலைப் பிடிக்க ஓடுறாரா?" என்று கேலி செய்துகொண்டே பாடினார்கள்.

தனிக்குரல் யாசுயோவுக்கு. பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாத பெண். ஆனால் பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் குரல் உடைந்தது. ஒருநாள் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"நோரிகோ பாடட்டும். அவளுக்குக் கீச்சுக்குரல், எட்டும். நீ பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது."

சுருதி தப்பும் பிள்ளைகளிடம் இங்கே வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்வதுதான். யாசுயோ குனிந்து வணங்கிவிட்டுப் பின்னால் போனாள். அன்றிலிருந்து வாயை மட்டும் அசைத்தாள்.

போட்டி நெருங்கிய சமயம், அவள் வகுப்பில் ஹெர்ட்ஸ் பாடம். ஹொரியே பலகையில் அலை வரைந்தார்.

"கரண்டு ஒரு நொடியில எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருதோ, அதான் ஹெர்ட்ஸ். டோக்கியோவில அம்பது. இங்க அறுபது. ஒரே நாடு, ரெண்டு கணக்கு!"

கிமியே கை தூக்கினாள். "சார், எங்க அத்தை டோக்கியோலேர்ந்து குடி வர்றாங்க. பழைய வாஷிங் மெஷினைக் கொண்டு வரலாமா?"

"வரட்டும். அங்க அஞ்சு சுத்து சுத்துற மோட்டார் இங்க ஆறு சுத்து சுத்தும். துணியெல்லாம் மயங்கி விழும்!"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த அவருடைய பிளேயருக்குள்ளும் மோட்டார்தான் இருக்கிறது. ரெக்கார்டு வேகமாகச் சுற்றினால் சுருதியும் ஏறிவிடும். எட்டாத உயரத்துக்கு ஏறச் சொல்லிவிட்டு, எட்டவில்லையென்று அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாசுயோ தலை குனிந்து அலையை வரைந்துகொண்டிருந்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். மணி அடித்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே ஓடினார் மனிதர்.

கடைக்குப் போய், மோட்டாரில் மாட்டும் சின்ன உருளையை அறுபதுக்கு ஏற்றதாக மாற்றினார். மாலையில் பியானோ நிதானமாக ஒலித்தது. நோரிகோ அலட்டிக்கொள்ளாமல் உச்சியைத் தொட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. பின்வரிசைக்குப் போய் யாசுயோவின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"தப்பு உன் குரல்ல இல்லம்மா. பிளேயர் வேகமா ஓடிச்சு. ஹெர்ட்ஸ் பாடம் நடத்துற எனக்கு அது உறைக்கல. வெட்கமா இருக்கு. நீயே பாடு."

"ஐயோ, நிமிருங்க சார்!" யாசுயோவுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

"போடி, இது உன் இடம்," என்று நோரிகோ அவளை முன்னால் தள்ளினாள்.

பியானோ தொடங்கியது. தனிக்குரல் வரும் இடமும் வந்தது. யாசுயோ வாயைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடுகள் அழகாக அசைந்தன. சத்தம்தான் வரவில்லை.