ராமலிங்கத்தின் ஒல்லி

குருவின் நாற்பதாவது பிறந்தநாளன்று காலை ஆறேகால் மணிக்கு, அவன் உடம்பிலிருந்த ஒல்லி எழுந்து வாசல் வழியாக வெளியே போனது. பால் பாக்கெட் எடுக்க வந்த அவன் மனைவி தேவகி பார்த்தாள். செத்துப்போன மாமனார் ராமலிங்கத்தின் அதே கூன், அதே நடை, பழைய வேட்டியின் அதே புளித்த வாடை.

அது அப்பாவிடமிருந்து குருவிடம் வந்தது அவனுடைய பதினாறாவது வயதில். அதுவரை அவன் பூசணிக்காய். அந்தப் போட்டோக்களைப் பிற்பாடு அவனே கிழித்துப்போட்டான். ஒல்லி வந்தபின் எதைத் தின்றாலும் ஐம்பத்தெட்டு கிலோதான். அதைத் தன் ஒழுக்கம் என்று நம்பினான். வருடாவருடம் பிறந்தநாளில் எடைக்கு எடை வெல்லம் வைத்துக் கோயிலில் துலாபாரம் கொடுப்பான். தராசுத் தட்டில் உட்கார்ந்தபடியே மைக் பிடித்து மனக்கட்டுப்பாடு பற்றி அரைமணி பேசுவான். வீட்டில் தேவகிக்குச் சோறு அவன் கையால்தான், ஒரு கரண்டி. அவனுக்கு மூன்று, நெய்யோடு. அவளுக்கோ அவள் அம்மாவின் சதை. பட்டினிக்கு அது மசியவில்லை. பட்டுக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை மடிக்கிறவள் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். கழிவு வெளியேறுகிறது என்று வந்தவர்களுக்கு அவன் விளக்கம் சொன்னான்.

அன்றைக்கு ஐம்பத்தெட்டு கிலோ வெல்லம் ஏற்றியும் குருவின் தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. பேசப் பேச ஊதினான். இருபத்துநாலு வருடத்து நெய் மொத்தமாக வந்து சேர்ந்தது. கழுத்து காணாமல் போனது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அர்ச்சகரின் நெற்றியில் பட்டது. வெல்லம் தொண்ணூற்றிரண்டு கிலோவில் நின்றது. மைக்கை அணைக்காமலே மனைவி பக்கம் திரும்பினான்.

"தேவகி, நேத்து சாம்பார்ல இன்னாத்த போட்ட?"

கோயில் முழுக்கக் கேட்டது.  அவன் மேல் ஏறிய சதையைக்கூடத் தேவகியால் சகித்துக்கொள்ள முடியும், அந்தக் கேள்வியை முடியாது. வீட்டுக்கு வந்ததும் கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். 

ஒல்லி மூன்று நாள் பேருந்து நிலையத்தில் சுற்றிவிட்டுத் திரும்பிவந்து, பதினாறு முடிந்த மகள் சுகாசினியிடம் ஏறிக்கொண்டது. பேத்தியிடம் வந்துவிட்டது என்று தெருவில் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். குண்டுப்பெண் பத்தே நாளில் நூலானாள். பதினோராம் நாள் மத்தியானம் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அம்மாவின் தட்டை எட்டிப்பார்த்தாள்.

"ரெண்டாவது வாட்டி சோறாம்மா? கன்ட்ரோல் வேணும்மா. என்னைப் பாரு."

"உனக்கும் நாப்பது வரும்டி. அன்னிக்குப் பேசிக்கலாம்."

மகளுக்குள்ளிருந்து மாமனார் செருமினார். தேவகி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை மரியாதைக்கு இறக்கிவிட்டாள். பிறகு மூன்றாவது கரண்டியும் போட்டுக்கொண்டு ரசம் ஊற்றினாள்.